காக்கா ஆழியும் நான்கு எழுத்துகளும்

உயிர்களின் செல்களுக்குள் இருக்கும் டி.என்.ஏ., புரதம் போன்ற நீண்ட மூலக்கூறுகளின் வரிசைகளைக் கணினியில் சேர்த்துவைத்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, அதிலிருந்து உயிரியல் முடிவுகளுக்கு வரும் துறை உயிரித் தகவலியல். டி.என்.ஏ. என்பது அடினின், தைமின், குவானின், சைட்டோசின் என்னும் நான்கு வேதிப்பொருள்கள் மாறி மாறிக் கோத்த சங்கிலி. ஆய்வுக்கூடங்களில் இவற்றை ஏ, டி, ஜி, சி என்று நான்கு எழுத்துகளாக எழுதுவார்கள். காலரா கிருமியிடம் இந்த எழுத்துகள் சுமார் 40 லட்சம். மனிதனிடம் சுமார் 300 கோடி. அவற்றை வரிசை பிசகாமல் படித்துக்கொடுப்பது இன்று கருவிகளின் வேலை. 1990இல் தொடங்கி 2003இல் முடிந்த மனித மரபணுத்தொகைத் திட்டத்துக்குச் சுமார் 300 கோடி டாலர் செலவானது. இப்போது ஒரு மனிதரின் மரபணுத்தொகையை ஆயிரம் டாலருக்குள் படித்துவிட முடிகிறது.

ஆனால் படித்து முடித்த பிறகு கையில் இருப்பது பொருள் விளங்காத எழுத்துக் குவியல். இன்னொரு வரிசையின் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் அது பேசத் தொடங்குகிறது. எங்கே ஒத்துப்போகிறது, எங்கே மாறுகிறது, எவ்வளவு மாறுகிறது என்பவைதான் தகவல். ஆகவே இத்துறைக்கு அடிப்படை இரண்டு: சரியாக ஒப்பிடும் முறை, ஒப்பிடுவதற்கென ஏற்கெனவே சேர்த்துவைத்த பதிவுகள். கணினியின் வேகத்தைப் பற்றி நிறையப் பேசப்படுகிறது. அது மூன்றாவதாகத்தான் வரும். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நீளும் வடசென்னைக் கரையில் இதையெல்லாம் விளக்கப் போதுமான பொருள் கிடைக்கிறது: ஒரு சிப்பி, ஒரு கிருமி, கொஞ்சம் எண்ணெய்ச் சேறு.

எண்ணூர்க் கழியில் ஒரு புதுச் சிப்பி

கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் இடம் எண்ணூர்க் கழி. ஆழமில்லாத, உப்பும் நன்னீரும் கலந்த நீர். பக்கிங்காம் கால்வாய் வழியாக வடக்கே பழவேற்காடு ஏரியோடு தொடர்பு. கரையில் அனல்மின் நிலையங்கள், 2001இல் திறக்கப்பட்டு இன்று காமராஜர் துறைமுகம் என்று பெயர் பெற்றிருக்கும் எண்ணூர்த் துறைமுகம், அதற்கு அப்பால் காட்டுப்பள்ளி. இவற்றுக்கு இடையில்தான் காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் போன்ற ஊர்களின் மீனவர்களும், சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களும் கழியை நம்பிப் பிழைக்கிறார்கள். சேற்றில் மஞ்ச மட்டி புதைந்து வாழும். இறால் அந்தச் சேற்றைக் கிளறி மேயும், ஆபத்து வந்தால் அதிலேயே புதையும்.

அண்மை ஆண்டுகளில் இந்தச் சேற்றின் மேல் கருநிறச் சிப்பி ஒன்று அடர்ந்து படரத் தொடங்கியது. மீனவர்கள் அதைக் காக்கா ஆழி என்றார்கள். பாறையில் ஒட்டி வாழும் பச்சை ஆழி அவர்களுக்குப் பழக்கமானது. சந்தையில் விலை போவது. காக்கா ஆழியை வாங்குவார் இல்லை. அது நூல் போன்ற இழைகளைச் சுரந்து, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, சேற்றை மூடிவிடுகிறது. அடியில் கிடக்கும் மஞ்ச மட்டி மூச்சுமுட்டிச் சாகிறது. இறாலுக்கு மேயவும் இடமில்லை, புதையவும் இடமில்லை. பிரச்சினை தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வரை போனது.

அறிவியலில் இதன் பெயர் மைட்டெல்லா ஸ்ட்ரிகேட்டா. பிறப்பிடம் மத்திய, தென் அமெரிக்கக் கடற்கரைகள். 1986இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்து ஜாக்சன்வில் நகரில் ஓர் அனல்மின் நிலையம் கடல்நீரை இழுக்கும் குழாய்களுக்குள் இது கூட்டமாகக் காணப்பட்டது. அடுத்த குளிர்காலத்தில் மடிந்தது. 2000களில் ஃபுளோரிடாவுக்கு மறுபடியும் வந்தது. 2010களில் பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து என்று ஆசியக் கரைகளில் அடுத்தடுத்துப் பதிவானது. இந்தியாவிலிருந்து முதல் பதிவு 2019இல் கேரளத்திலிருந்து வெளியாயிற்று. இத்தகைய சிப்பிகள் கடல் தாண்ட இரண்டு வழிகள் உண்டு: கப்பலின் அடியில் ஒட்டிக்கொண்டு வருவது, அல்லது கப்பல் சாயாமலிருக்க எடைக்காக நிரப்பும் கடல்நீரில் கண்ணுக்குத் தெரியாத இளம்புழுவாக வருவது.

சிப்பியைப் பார்த்தவுடன் பெயர் சொல்லிவிடலாம் என்று தோன்றும். அவ்வளவு எளிதல்ல. இதன் ஓடு கறுப்பு, பழுப்பு, பச்சை வரியோடியது என்று பல தோற்றங்களில் கிடைக்கிறது. அதோடு, இந்தியத் துறைமுகங்களில் இதற்கு முன்பே குடியேறிய வேறொரு அமெரிக்கச் சிப்பியும் உண்டு. மைட்டிலாப்சிஸ் சாலி என்னும் அது 1960களின் இறுதியில் விசாகப்பட்டினத்தில் தென்பட்டது, பிறகு மும்பையிலும். பழகாத கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல் தெரியும். இளம்புழுப் பருவத்திலோ பழகிய கண்ணுக்கும் வேறுபாடு தெரியாது.

எந்த இனம் என்பது வெறும் பெயர்ப் பிரச்சினை இல்லை. எவ்வளவு உப்பைத் தாங்கும், எந்த மாதத்தில் முட்டையிடும், எந்த மருந்துக்குச் சாகும் என்பதெல்லாம் இனத்தைப் பொறுத்தது. 1999இல் ஆஸ்திரேலியாவின் டார்வின் துறைமுகத்தில் மைட்டிலாப்சிஸ் நுழைந்ததை அங்குள்ளவர்கள் சீக்கிரமே கண்டுபிடித்து, மதகு வைத்து மூடக்கூடிய படகுத்துறைகளை மூடி, குளோரினும் தாமிர சல்ஃபேட்டும் கலந்து சில வாரங்களில் அடியோடு ஒழித்தார்கள். எண்ணூர்க் கழிக்கு மதகு கிடையாது. மருந்தை ஊற்றினால் மட்டியும் இறாலும் சேர்ந்தே சாகும். சிப்பி பரவிய பின் வாரி எடுப்பதைத் தவிர வேறு வழி அரிது. புழுவாக இருக்கும்போதே கண்டுபிடிப்பதற்கு உள்ள மதிப்பு இதனால்தான்.

650 எழுத்தில் ஒரு முகவரி

கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹெபர்ட் 2003இல் ஒரு யோசனையை முன்வைத்தார். விலங்கின் முழு மரபணுத்தொகையையும் படிக்க வேண்டாம். மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் என்ற மரபணுவின் ஒரு துண்டு, சுமார் 650 எழுத்து, போதும். எல்லா விலங்குகளிடமும் இந்த மரபணு உண்டு. ஒரே இனத்துக்குள் இதில் மாற்றம் குறைவு. இனத்துக்கு இனம் மாற்றம் அதிகம். ஒவ்வொரு செல்லிலும் நூற்றுக்கணக்கில் பிரதிகள் இருப்பதால் காய்ந்த, கெட்டுப்போன மாதிரியிலிருந்தும் எடுக்க முடியும். கடைப் பொருள்களின் உறையில் அச்சிடும் கோட்டுக் குறியீட்டை நினைவூட்டுவதால் இதற்கு டி.என்.ஏ. பார்கோடு என்று பெயர் வந்தது. இந்தியாவில் லக்னோவின் தேசிய மீன் மரபுவள நிறுவனத்தினர் 2011இல் 115 வகைக் கடல்மீன்களுக்கு இந்தக் குறியீட்டை வெளியிட்டார்கள். வடசென்னையின் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் போகும் வகைகளில் பலவும் இத்தகைய பட்டியல்களில் உண்டு.

சிப்பியின் தசையிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, வேண்டிய துண்டை மட்டும் பெருக்கி, கருவியில் ஏற்றினால், நான்கு நிறங்களில் ஏறி இறங்கும் கோடுகளாக விடை வரும். கணினியின் வேலை இங்கே தொடங்குகிறது. ஒவ்வொரு எழுத்துக்கும் கருவி ஒரு நம்பக மதிப்பெண் தருகிறது: 20 என்றால் நூற்றில் ஒரு முறை தவறலாம், 30 என்றால் ஆயிரத்தில் ஒரு முறை. துண்டின் இரு முனைகளிலும் மதிப்பெண் சரியும். அந்தப் பகுதிகளை வெட்டி எறிந்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். அலுப்பான வேலை, ஆனால் இதைச் சோம்பலாகச் செய்தவர்கள் கருவியின் பிழையைப் புதிய இனம் என்று அறிவித்துவிடும் ஆபத்து உண்டு.

அடுத்தது ஒப்பீடு. ஒரு வரிசை ஏ ஜி டி சி சி ஏ டி. இன்னொன்று ஏ ஜி சி சி ஏ டி. இரண்டையும் முதலிலிருந்து நேருக்கு நேர் அடுக்கினால் மூன்று இடங்களில்தான் பொருந்தும். இரண்டாவது வரிசையில் ஜி-க்குப் பிறகு ஓர் இடத்தைக் காலியாக விட்டு அடுக்கினால் ஆறு இடங்கள் பொருந்திவிடும். இரண்டாவது அடுக்கின்படி நடந்திருப்பது ஒன்றே ஒன்று: ஒரு வரிசையில் டி என்னும் எழுத்து விழுந்துவிட்டது, அல்லது மற்றதில் புகுந்துவிட்டது. பொருத்தத்துக்கு 1, பொருந்தாமைக்கு −1, காலியிடத்துக்கு −2 என்று மதிப்பெண் போட்டால், முதல் அடுக்குக்கு −2, இரண்டாவதற்கு 4. கணினி இப்படித்தான் ஓர் அடுக்கை மற்றதைவிட மேல் என்று தீர்மானிக்கிறது.

ஏழு எழுத்தைக் கண்ணாலேயே அடுக்கிவிடலாம். நூறு எழுத்து வரிசைகள் இரண்டை எத்தனை விதமாக அடுக்கலாம் என்று கணக்கிட்டால் 59 இலக்க எண் ஒன்று வருகிறது. எவ்வளவு வேகமான கணினியும் அவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்து முடிக்காது. 1970இல் சால் நீடில்மன், கிறிஸ்டியன் வுன்ஷ் இருவரும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஒரு வரிசையை மேலேயும் மற்றதைப் பக்கவாட்டிலும் எழுதிக் கட்டம் போட வேண்டும். ஒவ்வொரு கட்டத்தின் மதிப்பெண்ணையும் அதன் இடது, மேல், மூலைக் கட்டங்கள் மூன்றை மட்டும் வைத்துக் கணக்கிடலாம். கடைசிக் கட்டத்தை எட்டும்போது மிகச் சிறந்த அடுக்கு தானாகக் கிடைக்கும். 59 இலக்கக் கணக்கு சுமார் 10,000 கட்டங்களாகச் சுருங்கிவிட்டது. முழு நீளத்துக்கும் பதிலாக ஒத்துப்போகும் பகுதியை மட்டும் தேடித்தரும் திருத்தத்தை 1981இல் டெம்பிள் ஸ்மித்தும் மைக்கேல் வாட்டர்மனும் கொடுத்தார்கள். இத்துறையின் மிக அழகான சிந்தனை இதுதான் என்று சொன்னால் மறுப்பவர் அதிகம் இருக்கமாட்டார்கள்.

ஆனால் கோடிக்கணக்கான பதிவுகளோடு ஒப்பிடுவதற்கு இதுவும் மெதுவானது. 1990இல் ஸ்டீபன் ஆல்ட்சுல் உள்ளிட்ட ஐவர் வெளியிட்ட பிளாஸ்ட் என்ற நிரல் ஒரு குறுக்குவழியை எடுத்தது. புதிய வரிசையைப் பதினொரு எழுத்துச் சிறு துண்டுகளாக நறுக்கி, அத்துண்டு அப்படியே இருக்கும் பதிவுகளை மட்டும் பொறுக்கி, அங்கிருந்து இரு பக்கமும் நீட்டிப் பார்க்கிறது. மிகச் சிறந்த பொருத்தம் சில நேரம் கைநழுவலாம். அதற்கு ஈடாக, மணிக்கணக்கான தேடல் நொடிகளில் முடிகிறது. இந்த நிரல் தரும் விடைகளில் முக்கியமானது ஒத்துப்போகும் சதவீதமல்ல; இவ்வளவு பெரிய சேமிப்பில் இந்த அளவு பொருத்தம் தற்செயலாக எத்தனை முறை கிடைத்திருக்கும் என்ற மதிப்பீடு. அது பூஜ்ஜியத்தை நெருங்கினால் உறவு உண்மையானது. முதல் வரியில் வந்த பெயரை அப்படியே எடுத்துக்கொண்டு, இந்த எண்ணைப் பாராமல் விடுவது மாணவர்கள் செய்யும் வழக்கமான தவறு.

ஆண் சிப்பியின் பொறி

காக்கா ஆழி விஷயத்தில் எந்திரத்தனமான ஒப்பீடு வழுக்கும் இடம் ஒன்று உண்டு. பெரும்பாலான விலங்குகளில் மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்து மட்டுமே வரும். சில சிப்பி இனங்களில் இந்த விதி மீறப்படுகிறது. மகள்களுக்குத் தாயுடையது மட்டும். மகன்களுக்குத் தாயுடையதோடு தந்தையுடையதும். தந்தை வழி மைட்டோகாண்ட்ரியா ஆணின் இனப்பெருக்க உறுப்பில் குவிந்திருக்கும். மைட்டெல்லாவிலும் இந்த இரட்டை மரபு இருப்பதற்கான சான்று 2012இல் வெளியானது.

இரு மரபுகளும் நெடுங்காலமாகத் தனித்தனியே மாறிவந்திருப்பதால், ஒரே சிப்பியின் இரு உறுப்புகளிலிருந்து எடுத்த பார்கோடுகள் இரண்டு வெவ்வேறு இனங்களைப் போல விலகி நிற்கும். விவரம் அறியாத ஆய்வாளர், கழியில் இரண்டு அந்நியச் சிப்பிகள் புகுந்துவிட்டன என்று முடிவு கட்டிவிடலாம். கணினி அவரைத் தடுக்காது. எழுத்துகள் அப்படித்தான் சொல்கின்றன. ஓட்டை இழுத்து மூடும் தசையிலிருந்தோ காலிலிருந்தோ மாதிரி எடுப்பது, கருவுக்குள் இருக்கும் இன்னொரு மரபணுவையும் சேர்த்துப் படிப்பது ஆகியவை தற்காப்பு. உயிரியல் தெரியாத தகவலியல் எங்கே போய் முட்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேட வேண்டியதில்லை.

பெயரிலும் சிக்கல் உண்டு. பழைய கட்டுரைகளில் இதே சிப்பி மைட்டெல்லா சார்ருவானா என்று குறிக்கப்பட்டிருக்கிறது. 2018இல் சிங்கப்பூர்ச் சிப்பிகளை உருவத்தாலும் டி.என்.ஏ.வாலும் ஆராய்ந்தவர்கள் ஸ்ட்ரிகேட்டா என்ற பெயரை நிலைநிறுத்தினார்கள். ஒரே உயிரின் வரிசைகள் இரு பெயர்களில் சேமிக்கப்பட்டிருக்கும்போது, ஒரு பெயரில் மட்டும் தேடுபவருக்குப் பாதிதான் கிடைக்கும்.

சேமிப்பின் கதை

ஒப்பீட்டுக்கு உதவும் பதிவுகள் ஒரே நாளில் சேர்ந்தவை அல்ல. 1965இல் அமெரிக்க வேதியியலாளர் மார்கரெட் டேஹாஃப், அன்று வரிசை தெரிந்திருந்த 65 புரதங்களைத் திரட்டிப் புத்தகமாக வெளியிட்டார். இத்துறைக்கு அதுவே முதல் தரவுத்தளம். 1970இல் நெதர்லாந்தைச் சேர்ந்த பாலின் ஹோகவெக்கும் பென் ஹெஸ்பரும் இத்துறைக்கு இன்று வழங்கும் பெயரைப் பயன்படுத்தினார்கள். 1982இல் அமெரிக்காவின் ஜென்பேங்க் தொடங்கியது. அதுவும் ஐரோப்பிய, ஜப்பானியச் சேமிப்புகளும் தங்களுக்குள் நாள்தோறும் பதிவுகளைப் பரிமாறிக்கொள்கின்றன. யாரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். ஆய்விதழ்கள் வரிசையைப் பொதுச் சேமிப்பில் வைத்தால்தான் கட்டுரையை ஏற்போம் என்று விதித்ததால்தான் இவ்வளவு சேர்ந்தது. அந்த விதி இல்லாவிட்டால் பிளாஸ்ட் நிரலுக்குத் தேட ஒன்றும் இருந்திருக்காது.

இந்தியாவில் உயிரித் தொழில்நுட்பத் துறை 1980களின் பிற்பகுதியிலேயே பல்கலைக்கழகங்களை இணைக்கும் தகவல் வலையமைப்பைத் தொடங்கிவிட்டது. ஆனால் நாட்டுக்கென்று பொதுவான பெரிய சேமிப்பகம் ஃபரிதாபாதில் 2022 நவம்பரில்தான் திறக்கப்பட்டது. 10,000 இந்தியர்களின் மரபணுத்தொகைத் தரவு 2025 ஜனவரியில் அங்கிருந்து ஆய்வாளர்களுக்குக் கிடைக்கத் தொடங்கியது.

சென்னைக்கு இதில் பழைய பங்கு ஒன்று உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோர் 1963இல் வெளியிட்ட ஒரு வரைபடம், புரதச் சங்கிலியின் கணுக்கள் எந்தக் கோணங்களில் திரும்ப முடியும், எவற்றில் அணுக்கள் இடித்துக்கொள்ளும் என்பதைக் கணக்கிட்டுக் காட்டியது. இன்று உலகில் எங்கே ஒரு புரதத்தின் வடிவம் கண்டறியப்பட்டாலும் ராமச்சந்திரன் வரைபடத்தில் இட்டுச் சரிபார்க்கிறார்கள். 2024ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசில் பாதியைப் பெற்றுத்தந்த ஆல்ஃபாஃபோல்டு நிரல் கணிக்கும் வடிவங்களும் இந்தச் சோதனைக்கு விலக்கல்ல. தரவு குவியும் முன்னரே எழுதப்பட்ட விதி, தரவு குவிந்த பின்னும் நிற்கிறது.

ஒரு காலராவின் வம்சாவளி

தண்டையார்பேட்டையின் தொற்றுநோய் மருத்துவமனை நெடுங்காலமாகச் சென்னையின் காலரா மருத்துவமனையாக இருந்துவருவது. 1992இன் இறுதியில் சென்னை, மதுரை, வேலூர் ஆகிய ஊர்களில் பரவிய காலரா மருத்துவர்களைக் குழப்பியது. நோய் காலராதான், ஆனால் கிருமி அதுவரை கொள்ளைநோய் பரப்பிய ஓ1 வகைக்குரிய சோதனைக்கு வசப்படவில்லை. ஏற்கெனவே அறிந்திருந்த 138 வகைகளிலும் சேராததால் ஓ139 என்று எண் கொடுத்தார்கள். பழைய காலராவுக்கு எதிரான நோய் எதிர்ப்பு இதனிடம் எடுபடாததால் பெரியவர்களும் ஏராளமாகப் படுத்தார்கள். வங்கக் கடலைச் சுற்றி அது விரைந்து பரவியபோது, எட்டாவது உலகக் கொள்ளைநோய் தொடங்கிவிட்டது என்று பலர் அஞ்சினார்கள். 1961இல் இந்தோனேசியாவில் தொடங்கிய ஏழாவது அப்போதும் ஓயவில்லை, இன்னும் ஓயவில்லை.

இது எங்கிருந்து வந்தது? விடை வரிசைகளில் இருந்தது. காலரா கிருமியின் முழு மரபணுத்தொகை முதன்முதலில் 2000இல் வெளியானது: இரண்டு குரோமோசோம்கள், சுமார் 40 லட்சம் எழுத்துகள். ஓ139ஐ அதனோடு ஒப்பிட்டால், உடல் முழுவதும் ஏழாவது கொள்ளைநோயின் கிருமியேதான். மேற்பரப்புச் சர்க்கரைகளை உருவாக்கும் சுமார் 22,000 எழுத்துப் பகுதி மட்டும் நீங்கி, அந்த இடத்தில் வேறொரு பாக்டீரியாவிலிருந்து வந்த சுமார் 35,000 எழுத்துகள் அமர்ந்திருக்கின்றன. நம் உடலின் எதிர்ப்பாற்றல் பார்ப்பது மேற்பரப்பைத்தான். அதனால்தான் அது ஏமாந்தது.

வரிசைகளிலிருந்து வம்சாவளியை எழுதும் முறை, உ.வே. சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் ஏட்டுச் சுவடிகளை ஒப்பிட்ட முறைக்கு மிக நெருக்கமானது. இரண்டு சுவடிகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால் இரண்டும் ஒரே தாய்ச்சுவடியிலிருந்து படியெடுத்தவை. கிருமிக்கும் இதுவே. பகிர்ந்துகொண்ட மாற்றங்கள் யார் யாருக்குச் சொந்தம் என்பதைக் காட்டும். தனித்தனி மாற்றங்களின் எண்ணிக்கை எவ்வளவு காலமாகப் பிரிந்திருக்கிறார்கள் என்பதைக் காட்டும்.

2011இல் அங்குர் முத்ரேஜாவும் பல நாட்டு ஆய்வாளர்களும் அரை நூற்றாண்டில் பல நாடுகளில் சேர்த்த 154 காலரா மரபணுத்தொகைகளை இப்படி ஒப்பிட்டார்கள். ஆண்டுக்குச் சராசரியாக 3.3 எழுத்துகள் மாறுகின்றன என்று தெரிந்தது. இந்த எண் ஒரு கடிகாரம். இரண்டு கிருமிகளுக்கு இடையே 66 மாற்றங்கள் இருந்தால், இரு கிளைகளும் சேர்ந்து ஆண்டுக்கு 6.6 என்ற கணக்கில், சுமார் பத்து ஆண்டுகளுக்கு முன் ஒரே மூதாதையிலிருந்து பிரிந்திருக்கின்றன. உலகெங்கும் பரவிய காலரா வங்கக் கடல் பகுதியிலிருந்து குறைந்தது மூன்று அலைகளாகக் கிளம்பியது என்பது அவர்கள் எழுதிய வம்சாவளியின் முடிவு.

அதே ஆய்வு சென்னையோடு தொடர்புடைய இன்னொரு கணக்கையும் திருத்தியது. 1992இல் சென்னையில் பிரித்தெடுத்த எம்ஓ10 என்ற ஓ139 கிருமியில், பல மருந்துகளுக்கு எதிர்ப்பைத் தரும் ஒரு நடமாடும் டி.என்.ஏ. துண்டு இருப்பதை 1996இல் அமெரிக்க ஆய்வாளர்கள் விவரித்தார்கள். எஸ்எக்ஸ்டி என்று பெயர். நீளம் சுமார் ஒரு லட்சம் எழுத்துகள். ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியது. முதலில் ஓ139இல் கண்டதால் அதோடுதான் வந்தது என்று எண்ண இடமிருந்தது. வம்சாவளி வேறு சொன்னது: அத்துண்டு 1978க்கும் 1984க்கும் இடையிலேயே காலராவுக்குள் நுழைந்துவிட்டது. சென்னை மாதிரியில் கண்டுபிடிப்பதற்குப் பத்தாண்டுக்கு முன்பிருந்தே அது ஓசையில்லாமல் பரவிவந்திருக்கிறது.

அஞ்சிய எட்டாவது கொள்ளைநோய் வரவில்லை. சில ஆண்டுகளில் ஓ1 மீண்டும் மேலே வந்தது, ஓ139 தேய்ந்தது. 330 ஓ139 மரபணுத்தொகைகளை ஆராய்ந்து 2022இல் வெளியான கட்டுரை, காலம் போகப்போக அது மருந்து எதிர்ப்பு மரபணுக்களை இழந்ததையும், அதன் நச்சு மரபணுக்கள் மாறியதையும் காட்டி, போட்டியில் பின்தங்கியதற்கு அவற்றைக் காரணமாக முன்வைக்கிறது. பழைய மாதிரிகளைக் கடுங்குளிரில் காத்துவைத்திருந்ததால்தான் முப்பது ஆண்டு கழித்து இந்தக் கேள்வியைக் கேட்க முடிந்தது.

இத்தகைய வம்சாவளிக்கு ஆய்வுக்கூடத்துக்கு வெளியிலும் எடை உண்டு. 2010 அக்டோபரில் ஹைதியில் காலரா வெடித்தது. அங்கு எடுத்த சில மாதிரிகளும் நேபாளத்தில் அதே ஆண்டு எடுத்த சில மாதிரிகளும் ஓரிரு எழுத்துகளில்தான் வேறுபட்டன. ஐ.நா. அமைதிப்படையில் நேபாள வீரர்கள் அங்கே முகாமிட்டிருந்தார்கள். 2016 டிசம்பரில் ஐ.நா. பொதுச் செயலர் பான் கீ மூன் ஹைதி மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். கொரோனா காலத்தில் இதே கடிகாரமும் வம்சாவளியும் அன்றாடச் செய்தியாயின. சுமார் 30,000 எழுத்துள்ள அந்த வைரஸின் வரிசை 2020 ஜனவரியில் வெளியான சில நாட்களிலேயே பரிசோதனை முறைகள் தயாராயின. தமிழக அரசு 2021 செப்டம்பரில் சென்னைத் தேனாம்பேட்டையில் பொது சுகாதாரத் துறைக்கென்று மரபணுப் பகுப்பாய்வுக் கூடம் ஒன்றைத் திறந்தது.

சேற்றில் யார் யார்

இதுவரை கண்டவற்றில் ஒவ்வோர் உயிரும் தனியே கையில் கிடைத்தது. கழியின் நீரையோ சேற்றையோ அப்படியே அள்ளி, அதிலுள்ள டி.என்.ஏ. முழுவதையும் ஒன்றாகப் படிப்பது வேறு வகை. நீரை வடிகட்டி எடுத்த டி.என்.ஏ.வில் பார்கோடு துண்டைத் தேடினால், உதிர்ந்த செதிலும் சளியும் இளம்புழுக்களும் அங்கே வாழும் விலங்குகளைக் காட்டிக்கொடுக்கும். புதிதாக நுழையும் சிப்பிகளைப் பரவும் முன்பே கண்டுபிடிக்கத் துறைமுகங்களுக்கு ஏற்ற முறை இது. கப்பல்கள் எடைநீரைச் சுத்திகரித்தே வெளியேற்ற வேண்டும் என்னும் சர்வதேச உடன்படிக்கை 2004இல் ஏற்கப்பட்டு 2017 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது; சுத்திகரிப்பு உண்மையில் நடக்கிறதா என்று சோதிக்கவும் இதே வழி உதவும்.

பாக்டீரியாவுக்கு வேறு குறியீடு: 1977இல் கார்ல் வோஸ் உயிர்களின் பெரும்பிரிவுகளைப் பிரிக்கப் பயன்படுத்திய ரைபோசோம் மரபணு, சுமார் 1,500 எழுத்து. எண்ணூரில் இதற்கு வேலை நிறைய உண்டு. 2017 ஜனவரி 28 அன்று துறைமுகத்துக்கு அருகே இரு கப்பல்கள் மோதிக் கரையெங்கும் எண்ணெய் ஒதுங்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் கழியில் பரவியது. கடலில் எண்ணெயைத் தின்று வாழும் பாக்டீரியாக்கள் இயல்பாகவே உண்டு. அல்கனிவோராக்ஸ் போர்குமென்சிஸ் அவற்றில் பெயர் பெற்றது. அதன் மரபணுத்தொகை 2006இல் வெளியானது. எண்ணெய் படிந்த சேற்றில் அதன் உறவினர் பெருகியிருக்கிறார்களா என்று ரைபோசோம் மரபணு சொல்லும். எண்ணெயைச் சிதைக்கும் நொதிகளுக்கான மரபணுக்கள் இருக்கின்றனவா என்று முழு டி.என்.ஏ. வாசிப்பு சொல்லும். அந்த மரபணுக்கள் இப்போது வேலை செய்கின்றனவா என்பதை இரண்டும் சொல்லாது, அதற்கு, மரபணு வேலை செய்யும்போது அதிலிருந்து படியெடுக்கப்படும் ஆர்.என்.ஏ.வைப் படிக்க வேண்டும். மரபணு இருப்பதையே சுத்திகரிப்புக்குச் சான்றாகக் காட்டும் அறிக்கைகளை இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டு வாசிப்பது நல்லது.

சேற்றிலிருந்து வரும் வரிசைகளில் கணிசமான பங்கு எந்தப் பதிவோடும் பொருந்துவதில்லை. வெப்பமண்டலக் கழிகளின் புழுக்களும் நுண்ணுயிர்களும் சேமிப்புகளில் குறைவாகவே இடம்பெற்றிருக்கின்றன. ஐரோப்பிய, அமெரிக்கக் கரைகளின் பதிவுகள் அதிகம். அதனால் ஒரே நிரல் வட கடலில் எளிதில் பெயர் சொல்லும், எண்ணூரில் திணறும். இதைச் சரிசெய்ய ஒவ்வொரு பார்கோடுக்கும் அதைத் தந்த உயிரின் உடலையே அருங்காட்சியகத்தில் பாதுகாத்து, எடுத்த இடம், நாள், இனம் கண்டவர் பெயர் எல்லாவற்றையும் பதிவோடு இணைக்கிறார்கள். பெயர் தவறு என்று பின்னால் ஐயம் வந்தால் உடலை எடுத்து மறுபடி பார்க்கலாம். பொருந்தாத வரிசைகளையும் எறிவதில்லை. பெயரில்லாமலே எண் கொடுத்துச் சேமித்துவைக்கிறார்கள். சில ஆண்டுகள் கழித்து அதே வரிசையை மறுபடி தேடும்போது, இடையில் யாரோ சேர்த்த ஒரு பதிவால் அதற்குப் பெயர் கிடைத்துவிடுவது உண்டு.